நான் செய்த கியர் ராடும் தயாளன் கையும்

பழைய வீட்டு வண்டி வைத்திருப்பவர்களின் வாட்சப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். பெங்களூரில் இப்போது அப்படி நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருஷத்துப் பழைய வேனாகத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். வாங்கின பிறகுதான் அதற்குச் சாமான் கிடைக்காது என்பது தெரியும். கியர் ராடு உடைந்துவிட்டால் வண்டி மூலையில் நிற்க வேண்டியதுதான். போன மாதம் ஒருவர், கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் வெட்டிய புது ராடு ஒன்றின் படத்தைப் போட்டிருந்தார். பளபளவென்று நன்றாகவே இருந்தது. உடனே இன்னொருவர், "இதையெல்லாம் கேஜிஎஃப் பெருமாள் சார் கையாலேயே செய்தவர். எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள் சார்" என்று கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

எழுதுகிறேன். ஆனால் ஒழுங்காகச் செய்த பதினேழு ராடுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. பதினெட்டாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்துவிட்டு, அந்தப் பொம்மைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிட்டர், இயந்திரச் சாமான்களைச் செய்து பொருத்துகிறவன். எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பாவும் இறங்கினார். எனக்குக் கிடைத்தது மேலே, வொர்க்‌ஷாப்பில் வேலை. இருபது வயதில் சேர்ந்தேன். மூன்று வருஷம் அரம் பிடித்தேன், திட்டு வாங்கினேன், ஒருவழியாக ஆளானேன். அதில் சொல்ல விசேஷமாக ஒன்றுமில்லை. எங்கள் ஃபோர்மேன் சவரிமுத்து சாரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

சவரிமுத்து சார் குரல் உயர்த்த மாட்டார். எந்தச் சாமானைச் செய்துகொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "இதுல யாரு போறது?" நான் முதன்முதலில் ஒரு கொக்கியைக் கொண்டுபோய் வைத்தபோது, "கேஜ் சங்கிலிக்கு சார்" என்றேன். "சங்கிலிக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. யாரு போறதுன்னு கேட்டேன்." கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு. அந்த கேஜில் அடுத்த ஷிஃப்டுக்கு இறங்குகிறவர்களின் பெயர்களை டைம் ஆபீஸில் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சின்னச் சுத்தியலை எடுத்தார். கொக்கியை நூலில் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் கணீரென்று வராது. பிறகு, "செஞ்சவன் மொதல் கேஜுல எறங்கு" என்றார். அது அவருடைய சட்டம். கேஜ் சம்பந்தப்பட்ட எதைச் செய்தாலும் செய்தவன்தான் முதலில் ஏற வேண்டும். இறங்கிவிட்டு வந்தேன்.

டிரில் ராடு என்று ஒன்று இருக்கும். பாறையில் துளை போடுகிற ராடு. ஆறு பட்டையாக, நடுவில் தண்ணீர் போவதற்குச் சின்ன ஓட்டையோடு இருக்கும். தேய்ந்து குட்டையானதும் ஓரம் கட்டிவிடுவார்கள். கேஜிஎஃப்பில் அது இல்லாத வீடு கிடையாது. ஒரு வீட்டில் கடப்பாரை, ஒரு வீட்டில் ஜன்னல் கம்பி, ஒரு வீட்டில் துணி காயவைக்கிற கொடிக்கம்பம். நல்ல இரும்புதான். ஆனால் பழுத்திருக்கும்போது தண்ணீரைக் காட்டிவிட்டால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். துளை போடும் முனைக்கு அந்த உரம் வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டுப் போட்ட இடத்துக்கு அது ஆகவே ஆகாது. ஒட்டுப் போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் சூடேற்ற வேண்டும். போட்ட பிறகு சாம்பல் தொட்டியில் புதைத்து, மறுநாள்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் செட்டில் ஒருவன் ஒருநாள் அவசரத்தில் ஒட்டுப் போட்ட ராடை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டான். சவரிமுத்து சார் அவனைத் திட்டவில்லை. அந்த ராடை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கட்டி ஒரு தட்டுத் தட்டினார். ஒட்டுக்குப் பக்கத்திலேயே ஒடிந்தது. இரண்டு துண்டையும் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒடிந்த முகம் சர்க்கரை தூவின மாதிரி மினுமினுத்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கறுப்பு. "கறுப்பா கீறது முன்னாடியே வெடிப்பு விட்டது. மினுக்கறது இப்ப நான் தட்டினப்ப விட்டது. ஒடஞ்ச சாமான் பொய் சொல்லாது" என்றார். அன்று முதல் எந்த உடைந்த இரும்பைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

தயாளண்ணன் அதே சுரங்கத்தில் வைண்டிங் டிரைவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கேஜை ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கையில். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வைண்டிங் டிரைவர் கேஜைக் கண்ணால் பார்க்க முடியாது. அவர் எஞ்சின் ரூமில் உட்கார்ந்திருப்பார், கேஜ் எங்கோ பூமிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். மணிச் சத்தம், டயலில் ஒரு முள், கையில் ஒரு லீவர், அவ்வளவுதான். கை கொஞ்சம் பிசகினால் கேஜில் இருப்பவர்களின் முழங்கால் போய்விடும். ரொம்பப் பிசகினால் ஆளே போய்விடுவார்கள். தயாளண்ணன் லீவரில் இருந்தால் கேஜ் நின்றதே தெரியாது. கதவைத் திறந்தால்தான் லெவல் வந்துவிட்டது என்று தெரியும். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், "இன்னிக்கு யாரு லீவர்ல?" என்று கேட்டு, அவர் பெயரைச் சொன்னால் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறுவார்கள்.

பிட்டர்களுக்கும் வைண்டிங் டிரைவர்களுக்கும் இடையே ஒரு வழக்கம் இருந்தது. பிட்டர் பார்த்து முடித்துச் சாக்பீஸால் டிக் போட்டிருந்தால் வைண்டிங் டிரைவர் மறுகேள்வி கேட்க மாட்டார். பிட்டர் வேலையை டிரைவர் சந்தேகப்படுவதில்லை, டிரைவர் கையைப் பிட்டர் சந்தேகப்படுவதில்லை. யாரும் எழுதி வைத்ததில்லை. அப்படித்தான் நடந்தது.

சுரங்கத்தை மூடினார்கள். மூடியதைப் பற்றி எழுதினால் இன்றைக்கு முடியாது. நாற்பது வயதுக்கு மேல் நானும் மற்றவர்களைப் போலக் காலை ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷ நடையில் ஒரு ஷெட். பழைய வேன்களை வீட்டு வண்டிகளாக மாற்றுகிற இடம். அங்கே நான் சேர்ந்த மாதமே ஒரு வண்டியின் கியர் ராடு உடைந்து வந்தது. எங்கும் மாற்று கிடைக்கவில்லை. மறுநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த டிரில் ராடு ஒன்றைத் துணியில் சுற்றி ரயிலில் எடுத்துக்கொண்டு போனேன். அப்படித்தான் அந்த வேலை எனக்கு ஒட்டிக்கொண்டது.

எப்படிச் செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பழைய ராடின் கீழ்முனையில் இருக்கும் உருண்டையை அறுத்து எடுத்துக்கொள்வேன். கியர் பாக்ஸுக்குள் உட்காருகிற அந்த உருண்டையை ஷெட்டில் யாராலும் செய்ய முடியாது. பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து அளவு பார்ப்பேன். முதல் கியருக்குத் தள்ளினால் முன்பலகையில் இடிக்கக் கூடாது. ரிவர்ஸுக்கு இழுத்தால் கட்டில் பெட்டியில் இடிக்கக் கூடாது. இரண்டாவதில் டிரைவரின் முழங்கால் தப்பிக்க வேண்டும். வேனுக்குள் கட்டிலையும் அடுப்பையும் வைத்த மகானுபாவன் கியர் ராடு எங்கே போகும் என்று ஒரு நிமிஷமும் யோசித்திருக்க மாட்டான். சரியாக வந்த வளைவைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, டிரில் ராடைப் பழுக்கக் காய்ச்சி அந்தக் கோட்டின் மேல் வைத்து வைத்து வளைப்பேன். கடைசியில் உருண்டையை ஒட்டுவேன். ஒட்டினதும், சாம்பல் நிரப்பிய பழைய எண்ணெய் டின்னில் ஆழமாகக் குத்தி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவேன். மறுநாள் எடுத்து மாட்டி, நானே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். பதினேழு ராடு அப்படிச் செய்தேன். அவை இன்றும் ஓடுகின்றன.

பதினெட்டாவது, பெங்களூர்ப் பல் டாக்டர் ஒருவருடைய வண்டிக்கு. அவர் தன் வண்டிக்கு நிதானமான டிரைவர் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது தயாளண்ணனைச் சேர்த்துவிட்டது நான்தான். சுரங்கம் மூடின பிறகு அவர் சின்னச் சின்ன வண்டிகள் ஓட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் வீட்டில் அவருக்கு நல்ல மரியாதை. "நம்ம தயாளன் ஓட்டினா டம்ளர்ல தண்ணி ஆடாது" என்று டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், வண்டி இன்றைக்கே முடிந்தாக வேண்டும் என்று டாக்டர் போன் மேல் போன். உருண்டையை ஒட்டி முடித்தபோது ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. சாம்பலில் வைத்தால் மறுநாள்தான். டாக்டரிடம் நாளை மதியம் என்று சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்பார், அவ்வளவுதான். வண்டியை அன்றே முடித்தே ஆக வேண்டுமென்றாலும் அடுத்த ரயிலுக்கு இருந்து, ஆறும் மட்டும் ஆறட்டும் என்று சாம்பலில் வைத்திருக்கலாம். எனக்கு வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. விசேஷம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்கள் வழக்கமாக ஏறுகிற மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்தில் எனக்காகத் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். அடுத்த ரயிலில் நின்றுகொண்டு போக வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடி ஓடியே பழகிப்போன உடம்பு இது. கடிகாரத்தைப் பார்த்தேன், ராடை எடுத்து வாளியில் முக்கினேன். சுர்ரென்று ஆவி வந்தது. துடைத்து, மாட்டி, நின்ற இடத்திலேயே நாலு கியரும் விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஓடினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் கிடைத்தது.

மறுநாள் காலை வண்டியை எடுக்க வந்த தயாளண்ணன், ஷெட்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "ராடு யாரு செஞ்சது?" பெருமாள் என்றதும், "அப்ப சரி" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாராம்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலகிரி மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற ராடை இழுத்திருக்கிறார். ராடு கையோடு வந்துவிட்டது. வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொண்டது. பழைய வண்டி, பிரேக் ஏற்கெனவே சூடேறிப் பிடிக்காமல் இருந்தது. பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் மலைப்பக்கச் சுவரில் வண்டியைத் தேய்த்துக்கொண்டே போய் நிறுத்தியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் அத்தனை பேரையும் பள்ளத்தில்தான் எடுத்திருப்பார்கள். டாக்டரின் அக்கா பின்னால் கட்டிலில் இருந்தார். தூக்கி எறியப்பட்டுத் தொடை எலும்பு முறிந்தது. தயாளண்ணனுக்கு இரண்டு விலா.

உடைந்த ராடை டாக்டர் ஷெட்டுக்குக் கொண்டு வந்தார்.  "சுரங்க லீவர்னு நெனச்சு இழுத்தானா அந்த ஆளு? ஒடச்சே எடுத்துட்டான்" என்று கத்தினார். ஷெட்காரர் ராடை என்னிடம் கொடுத்து, "என்ன பெருமாள், பாத்துச் சொல்லு" என்றார். ஒடிந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு கறுப்பு. துருவேறிய பழைய கறுப்பு. மீதி மினுமினுப்பு. இதை அந்த ஷெட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"போர்ஸ் போட்டிருக்காரு சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். பயத்தைவிட வெட்கம். கேஜிஎஃப் பிட்டர் என்று பெங்களூரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற இன்னொருவர் பெயரைக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நான்கு திட்டு விழுந்திருக்கும். அதிகம் போனால் வேறு ஷெட் பார்த்திருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் தயாளண்ணன் யாரையும் குறை சொல்லவில்லை. "என் கைதான் சார் தப்புப் பண்ணிச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் அப்படியே நம்பினார் என்பதுதான் கொடுமை. பிட்டர் செய்த ராடு தப்பாக இருக்காது. ஆகவே தப்பு கையில்தான். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. மூன்றாவது பெட்டியில் சீட்டு விளையாடிக்கொண்டே பேசினார்கள். "வைண்டிங் டிரைவருக்குக் கை போச்சுபா" என்றான் கோவிந்தன். "அந்தக் கையிலயா நாம ஏறி எறங்கினோம்?" என்றான் அந்தோணி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயாளண்ணன் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்கவும் இல்லை. பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அதே ரயில்தான், ஆனால் கடைசிப் பெட்டி. ஊரிகம் ஸ்டேஷனுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார், ஏறி ஓட்ட மாட்டார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் காரணம் தெரியும். ஆறு வருஷம், நான் வேலையை விடும் வரை, பிளாட்பாரத்தில் தினமும் அவரைப் பார்த்தேன். "இன்னா பெருமாளு, நல்லா கீறியா?" என்று அவராகவே கேட்பார். நல்லா கீறேண்ணா என்பேன்.

குழுவில் எழுதச் சொல்லிக் கேட்ட மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எழுதுவதானால் அவரிடம் சொல்லாமல் எழுத முடியாது. ஊரிகத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. வாசலில் அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க பெருமாளு, எத்தினி நாளாச்சு" என்று உள்ளே கூப்பிட்டு டீ போடப் போனார். நான் அந்த டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, ரயில், ஜன்னலோரம், கறுப்புப் பிறை, ஷெட்டில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடை மேல் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணுக்குக் கொழந்த பொறந்தப்ப, ஆஸ்பத்திரில கொண்டாந்து நீட்டினாங்க. நான் வாங்கல பெருமாளு."

"அண்ணா..."

"போன கை, கீழ போட்டுட்டா இன்னா பண்றது? இவ கேட்டா, இன்னா மனுசன் நீ, பேத்தியத் தொடக்கூட மாட்டேங்கறேன்னு. அப்பவும் தூக்கல. இப்ப அதுக்குப் பத்து வயசு. இனிமே எங்க தூக்கறது?"

அண்ணி டீயோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. டீயை என் பக்கம் வைக்கவில்லை. நான் தயாளண்ணன் காலைத் தொடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அதெல்லாம் வாணாம். எழுதறதா இருந்தா எம்பேரப் போட்டு எழுது. ஆனா மொதல்ல ட்ரெயின்ல சொல்லு. எந்தப் பொட்டில என் கை போச்சுன்னு பேசினாங்களோ, அதே பொட்டில எழுந்து நின்னு சொல்லு. சொல்லிட்டு வந்து என்னாண்ட சொல்லு."

மறுநாள் ரயில் கிளம்புகிற மாரிகுப்பத்துக்கே போய்க் காலை ரயில் ஏறினேன். மூன்றாவது பெட்டி. வேலையை விட்ட பிறகு அந்த நேரத்து ரயிலில் நான் ஏறியதில்லை. ஊரிகம் தாண்டியதும் எழுந்து நின்றேன். ஒரு காகிதத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. வைண்டிங் டிரைவர் தயாளன் கை போகல. அன்னிக்கு ஏலகிரில ஒடஞ்சது நான் செஞ்ச ராடு. தண்ணில முக்கினது நான். அவர் மேல தப்பு இல்ல" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.

காதில் ஒயர் மாட்டியிருந்த பிள்ளை ஒன்று அதைக் கழற்றி, "யாரு அங்கிள் தயாளன்?" என்று கேட்டது. அடுத்த சீட்டுப் பெண் நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "வேணாங்க" என்று கையை ஆட்டினாள். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி முழுக்கத் தேடினேன். சீட்டு விளையாடிய ஒருவரையும் காணோம். பங்காருப்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன்.

தயாளண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல சட்டையாகப் போட்டிருந்தார்.

"சொன்னியா?"

"சொன்னேண்ணா. ரெண்டு தடவ சொன்னேன்."

"யாரு யாரு இருந்தாங்க?"

இன்னொரு பொய் வாய் வரை வந்தது. வேண்டாம் என்று விட்டேன்.

"நம்ம ஆளுங்க யாருமே இல்லண்ணா. எல்லாம் சின்னப் பசங்க. கோவிந்தன் செத்து மூணு வருசமாச்சு. அந்தோணி போன மழைக்கு முன்னாடி..."

"தெரியும், தெரியும். அவன் சாவு எடுப்புக்கு நானும்தான் போனேன்" என்றார்.  தெருவைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"அப்ப என் கை போச்சுன்னு நெனச்சிக்கினேதான் எல்லாம் போயிட்டானுங்க."